முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? கதவுக்குக் கீழே குனிந்து பாருங்கள்

இருபத்திரண்டு வருடமாக வாகன மதிப்பீடு செய்கிறேன். காப்புறுதிக்கும் லீசிங்குக்கும் பார்ப்பவை பெரும்பாலும் ஜப்பான் கார்கள். அவற்றில் அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. வருடத்தில் நாலைந்து தடவை மட்டும் யாராவது ஒரு பொடியன் போன் எடுத்து, "அண்ணா, ஒரு பழைய எம்ஜி பார்த்து வைச்சிருக்கிறன், ஒருக்கா வந்து பார்ப்பீங்களா?" என்பான். குரலில் இருக்கும் அவசரத்திலேயே தெரிந்துவிடும், ஆள் மனதால் வாங்கி முடித்துவிட்டான். நான் போவது "நல்ல கார்" என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு மட்டும்தான்.

போன ஜனவரியில் தெஹிவளைக்குப் போனதும் அப்படித்தான். வெள்ளவத்தைப் பொடியன், கணினி வேலை, கையில் கொஞ்சம் காசு. கார் 1965ஆம் ஆண்டு எம்ஜி மிட்ஜெட், சீலைக் கூரை போட்ட சின்ன இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு வர்ணம் கண்ணாடிபோல் மினுங்கியது. சொந்தக்காரர் வயதானவர், நல்ல மனிதர். எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டுத்தான் கராஜைத் திறந்தார். "இப்பதான் முழுசா பெயின்ட் அடிச்சது" என்றார் பெருமையாக. புது பெயின்ட் என்றால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பேன். விலை உயர்ந்த கருவி ஒன்றும் இல்லை, பிரிட்ஜ் கதவில் ஒட்டுவதுதான். பெயின்ட் கீறாமல் இருக்க மெல்லிய துணியில் சுற்றிக்கொள்வேன். பொனட்டில் வைத்தேன், பிடித்தது. கதவில் பிடித்தது. கதவுக்குக் கீழே, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவே ஓடும் பெட்டித் தகட்டில் வைத்தேன். கராஜில் அதைச் 'சில்' என்பார்கள்; சக்கரமான சில்லு வேறு, இது வேறு. காந்தம் ஒரு கணம் தயங்கி, வழுக்கி, தரையில் விழுந்தது. இரண்டு அங்குலம் தள்ளி வைத்தேன். மறுபடியும் விழுந்தது. பொடியன் என் முகத்தைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன்.

பெரியவரிடம் அனுமதி கேட்டு ஜாக்கை வைத்து மெதுவாக உயர்த்தினேன். நாலு சுற்றில் முறுக்குக் கடிக்கிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்து சாத்தச் சொன்னேன். அதுவரை 'டக்' என்று விழுந்த கதவு இப்போது பூட்டுக்குள் போக மறுத்தது. அதோடு சோதனை முடிந்தது. அந்த மினுங்கலுக்குப் பின்னால் இருந்தது தகடு இல்லை, ஓட்டையை நிரப்பிய புட்டி. பெரியவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பெயின்ட் அடித்தவர் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்.

கதவு ஏன் மாட்டவில்லை என்று விளங்கினால், இந்த வகைக் கார் முழுவதுமே விளங்கிவிடும். 1958இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட், அதாவது தவளைக்கண் கார், அடியில் தனிச் சட்டகம் இல்லாமல் உடலையே எலும்பாக வைத்துக் கட்டப்பட்டது. 948 சிசி எஞ்சின், 43 குதிரைவலு, எடை ஏறத்தாழ 660 கிலோ. மிட்ஜெட் 1961இல் வந்த அதன் உடன்பிறப்பு. கூரை உள்ள காரில் பாரத்தின் ஒரு பங்கைக் கூரை தாங்கும். இவற்றில் கூரை கிடையாது. அந்த வேலை முழுவதும் இரு பக்கச் சில்களுக்கும் இருக்கைகளுக்கு நடுவே ஓடும் சுரங்கத்துக்கும் அடித்தளத் தகட்டுக்கும் வந்து சேர்கிறது. எடை குறைய வேண்டும் என்பதால் தகடும் மெல்லியது. அதைக் கறள் தின்றுவிட்டால் கார் நடுவில் தொய்யும். ஓடும்போது தெரியாது, ஒரு மோதலில்தான் தெரியும்.

இங்கிலாந்தில் இவற்றை அழித்தது குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு. நமக்கு அந்தச் செலவு இல்லை, கடலே இலவசமாகக் கொடுக்கிறது. காலி வீதிக்குக் கடற்பக்கமாக நிறுத்தி வளர்ந்த காரையும் கண்டியில் வளர்ந்த காரையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் நான் கண்டதில் பாதிக் கறள் வெளியிலிருந்து வந்ததில்லை. கூரைச் சீலை ஒழுகி, கால்விரிப்பு நனைந்து, யாரும் அதைத் தூக்கிக் காயவைக்காமல் உள்ளேயிருந்து வந்தது. ஆகவே காருக்குள் ஏறினால் முதலில் ஸ்டீரிங்கைப் பிடிக்காதீர்கள். விரிப்பைத் தூக்கி முகருங்கள். பின் வில்லுகள் உடலோடு பூட்டியிருக்கும் இடத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கே தாராகக் கறுப்புப் பூசியிருந்தால், ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள்.

எஞ்சினைப் பற்றிப் பயப்படுகிற அளவுக்கு அங்கே விஷயம் இல்லை. இதைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியம். ஸ்பிரைட்டிலும் மிட்ஜெட்டிலும் இருப்பது ஏ சீரிஸ் எஞ்சின். 1951இல் ஒஸ்டின் ஏ30உடன் பிறந்து, 2000இல் பழைய மினி நிற்கும்வரை ஓடிய குடும்பம் அது. கொழும்பு தாத்தாமார் வைத்திருந்த மொரிஸ் மைனரிலும் அதே குடும்பம்தான். கேஸ்கட், வாட்டர் பம்ப், கிளட்ச் என்று கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஒரு காலைப்பொழுது ஏறி இறங்கினால் ஏதோ ஒன்று கிடைக்கும். மைனருக்குத் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய நாடு இது. அறுபது வயது மெக்கானிக் பாஸ் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வால்வ் இடைவெளி வைப்பார். ஆனால் மிட்ஜெட் கதவுத் தகடும் முன்கண்ணாடிச் சட்டமும் பஞ்சிகாவத்தையில் இல்லை. கதவுக்குக் கீழே பாருங்கள் என்று நான் கத்துவது அதனால்தான்.

அந்த எஞ்சின் உறவில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஸ்பிரைட் எஞ்சின் களைத்துப்போன காலத்தில் மலிவாகக் கிடைத்த மைனர் எஞ்சினைத் தூக்கி வைத்தவர்கள் பலர். பொனட்டைத் திறந்தால் இரண்டு எஸ்யூ கார்பரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கும். எஞ்சின் இலக்கம் 9சி என்றோ 10சி என்றோ தொடங்காமல் 10எம்ஏ என்று தொடங்கினால், அது 1098 சிசி மைனருடையது. ஓட்டுவதற்கு அதில் பெரிய குறை இல்லை. ஆனால் வாகனப் பதிவைக் காட்டும் சிஆர் புத்தகத்தில் பழைய எஞ்சின் இலக்கமே இருந்தால் கைமாற்றும்போது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், விற்றவர் இல்லை. எஞ்சின் இலக்கத்தையும் சட்டக இலக்கத்தையும் உங்கள் கண்ணால் பார்த்து, படம் எடுத்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 'தெரியவில்லை, பெயின்ட்டுக்குள் மறைந்துவிட்டது' என்றால், சுரண்டிக் காட்டும்வரை காசு கொடுக்காதீர்கள்.

இலக்கத் தகட்டையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு ஆங்கில எழுத்துத் தகடுகளுக்குப் பிறகுதான் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. 1957, 58இல் அந்த எழுத்தின் மேல் தார் பூசிய கதை நம் வீடுகளில் இன்னும் பேசப்படுவதுதான். அதை இங்கே விட்டுவிடுகிறேன். 1958இல் பிறந்த ஸ்பிரைட்டில் ஸ்ரீக்கு முந்திய தகடு தொங்கினால், அந்த இலக்கம் எந்த வாகனத்தோடு பிறந்தது என்று கேட்டே ஆக வேண்டும். பல வருடம் நின்ற காரென்றால் வருமான உத்தரவுப்பத்திர நிலுவையைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் தனியாருக்குத் திறந்தது உண்மைதான், ஆனால் பாவித்த கார்களுக்கு வயதெல்லை உண்டு. உள்ளூரில் இருப்பவற்றுக்குள்தான் தேட வேண்டும்.

மிட்ஜெட் மட்டுமா என்று கேட்பீர்கள். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை வந்தது. அதற்கு அடியில் தனிச் சட்டகம் உண்டு, முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாகத் திறக்கும், எஞ்சின் வேலைக்கு அதைவிட வசதி வேறில்லை. அது ஹெரால்டின் அடித்தளம்; சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கட்டியதால் சில சாமான்களுக்கு அந்தப் பக்கமும் கை நீட்டலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முன் சில்லைத் தாங்கும் ட்ரனியனுக்குக் கியர் ஒயில்தான் போட வேண்டும், கிரீஸ் இல்லை. நம் சேர்விஸ் ஸ்டேஷன்களில் எல்லா நிப்பிளுக்கும் ஒரே கிரீஸ் கன்தான். உள்ளே திருகுப் புரி உலர்ந்து தேய்ந்து, ஒரு நாள் சில்லு மடங்கும். எம்ஜிபி பெரியது, 1798 சிசி, நெடும் பயணத்துக்கு நல்லது, ஆனால் அதற்கும் தனிச் சட்டகம் கிடையாது, சில் விதி அதற்கும் பொருந்தும். லோட்டஸ் இலான் கிடைத்தால் போய்ப் பாருங்கள், ரசியுங்கள், முதல் காராக வாங்காதீர்கள். உடல் ஃபைபர்கிளாஸ் என்பதால் கறளே இல்லை என்பார்கள்; உள்ளே இருக்கும் சட்டகம் இரும்பு.

ஓட்டிப் பார்க்கும்போது வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. மாலை ஐந்தரைக்குப் பொரளைப் பக்கம் கொண்டு போங்கள். நெரிசலில் அரை மணித்தியாலம் நின்றும் வெப்ப முள் நடுவிலேயே இருந்தால் ரேடியேட்டர் சுத்தம். முள் ஏறவே ஏறாவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். 'நம்ம சூட்டுக்குத் தேவையில்லை' என்று எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். இந்த ஊரின் நிரந்தர வைத்தியம் அது. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடி ஓடித் தேயும். சூடான மிட்ஜெட் ஓட்டத்தில் ஒயில் பிரஷர் 40 பிஎஸ்ஐக்கு மேலே நிற்க வேண்டும். 1098 சிசி எஞ்சினின் முதல் வகையில், 10சிஜியில், கிராங்க் தண்டு மெல்லியது. அதை முறுக்கி ஓட்டியவரிடம் வாங்குகிறீர்களா என்பதையும் பேச்சுவாக்கில் கேட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. அதற்குப் பிறகு எஞ்சின் ஹெட் திறந்து கடினமான எக்ஸோஸ்ட் வால்வ் சீட் போட்டார்களா? இல்லையென்றால் ஈயத்தின் பாதுகாப்பு இல்லாமல் பழைய வார்ப்பிரும்பு வால்வ் இருக்கை மெல்ல மெல்லத் தேய்ந்து உள்ளே இறங்கும். பற்றறி எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது? 1967க்கு முந்திய மிட்ஜெட்டில் பிளஸ் முனைதான் உடலில் இருக்கும். சில கார்களை இடையில் மாற்றியிருப்பார்கள், யாரும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். புது ரேடியோவை அவசரமாகப் பூட்டி எரித்தவர்கள் என் பட்டியலில் மூன்று பேர்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. இது பெயரில்தான் ஸ்போர்ட்ஸ். கோல்ஃபேஸ் முன்னால் ஒரு வெகன் ஆர் உங்களைச் சாவகாசமாக முந்திப் போகும். இந்தக் காரின் சுகம் நேர் வீதியில் இல்லை, வளைவில். 1934இல் தொடங்கிய நுவரெலியா மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாற்பது கிலோமீட்டரில் போகும்போதே எண்பதில் போகிற மாதிரி இருக்கும். அதற்குத்தான் காசு.

காசு என்றதும்: கையில் இருப்பது முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை முதல் வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். ரயர், பிரேக் சிலிண்டர், வயரிங் என்று அது தானாகக் கரையும். காப்புறுதிக்குப் போகும்போது மதிப்பை எழுத்தில் ஒத்துக்கொண்ட பின்னரே கையெழுத்து வையுங்கள்.

தெஹிவளைக் கார் கைவிட்டுப் போனதில் பொடியன் இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. அப்புறம் மார்ச்சில் வத்தளையில் இன்னொன்று. 1963 மிட்ஜெட், பச்சை, யாரோ தூரிகையால் அடித்த பெயின்ட். பார்க்கவே சகிக்காது. வெளிப்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு, தள்ளித் திறக்கும் பக்கக் கண்ணாடி. ஆனால் சில் இரண்டும் புதுத் தகடு, வெல்டிங் கோடு அப்படியே தெரிந்தது, மறைக்க ஒருவரும் முயலவில்லை. காந்தம் ஒட்டிய இடத்திலிருந்து பிரிக்கக் கஷ்டப்பட்டேன். கொஞ்சம் நீலப் புகை. புத்தகமும் இலக்கமும் சரி. "தம்பி, இதை எடு" என்றேன். "இந்த நிறத்திலயா அண்ணா?" என்றான். எடுத்தான்.

ஏப்ரலில் ஒரு பின்னேரம் போன். பின்னால் மழைச் சத்தம், பஸ் ஹோர்ன். பம்பலப்பிட்டியில் நிற்கிறான். "அண்ணா, கூரைக் கம்பி ரெண்டும் டிக்கிக்குள்ள கிடக்கு, எது எந்தப் பக்கம்?" அந்த வருட மிட்ஜெட்டில் கூரை மடங்காது, கம்பியை நட்டு, சீலையை விரித்து, பொத்தான் பொத்தானாகப் பூட்ட வேண்டும். பழகிய கைக்கே பத்து நிமிடம். மழைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அப்படியே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன். போனதும் தலையைத் துவட்ட முதல் கால்விரிப்பைக் கழற்றி வெளியே போடச் சொன்னேன்.