பிடிஎஃப் கோப்புக்குள் தமிழ் எப்படி உட்கார்ந்திருக்கிறது?

பிடிஎஃப் கோப்பிலிருந்து ‘கொடி’ என்ற சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ‘ெகாடி’ என்று வந்து விழுவது, தமிழில் வேலை செய்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை. திரையில் சரியாகத் தெரிகிற சொல் கைக்கு வரும்போது ஏன் உடைகிறது?

அடோபி நிறுவனம் 1993இல் பிடிஎஃப்பை வெளியிட்டபோது அதன் நோக்கம் ஒன்றுதான்: எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். 2008இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற பொதுத் தரமாகவும் ஆனது. அதன் விவரங்கள் பொதுவில் இருப்பதால்தான் லிப்ரே ஆஃபிஸ் போன்ற கட்டற்ற அலுவலக மென்பொருள்கள் யாருடைய அனுமதியும் இல்லாமல் பிடிஎஃப் உருவாக்க முடிகிறது. ஆனால் அதன் பக்கத்துக்குள் இருப்பவை வரைவதற்கான கட்டளைகள். ‘இந்த எழுத்துருவில் இத்தனையாவது வடிவத்தை எடு, இந்த இடத்தில் வை’ என்று அவை வரிசையாகப் போகும். சொல், பத்தி என்ற கணக்கெல்லாம் அதற்குக் கட்டாயமில்லை.

ஆங்கிலத்துக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. தமிழில்தான் சிக்கல். ‘கொ’ என்பதை, எழுத்துகளுக்குக் குறியீடு தரும் பொதுத் தரமான யூனிகோடு, ‘க’ என்ற எழுத்தும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளில் வைக்கிறது. வரையும்போதோ கொம்பு, க, கால் என மூன்று வடிவங்கள் வேண்டும். கொம்பு முதலில் வரும். பிடிஎஃப் இந்த வரையும் வரிசையை மட்டும் வைத்திருந்தால், நகலெடுக்கும்போதும் கொம்புதான் முதலில் வரும். தேடினாலும் சொல் கிடைக்காது.

இதற்குத் தீர்வு அந்தத் தரத்திலேயே இருக்கிறது. வடிவங்களோடு ‘இதன் உண்மையான எழுத்து இதுதான்’ என்ற குறிப்பையும் சேர்த்து எழுதலாம். லிப்ரே ஆஃபிஸின் இன்றைய பதிப்புகள் இதைத் தாமாகவே செய்கின்றன. யூனிகோடில் தட்டச்சு செய்து, கோப்புப் பட்டியில் ‘பிடிஎஃப்பாக ஏற்றுமதி’ கொடுத்தால் போதும். அப்புறம் அந்தக் கோப்பைத் திறந்து, ஒகரமோ ஔகாரமோ உள்ள ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணத்துக்கு இது உதவாது. அங்கே உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடுகளே. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்றுமதி செய்ய வேண்டும்.

ஏற்றுமதிப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த வசதி கலப்பு பிடிஎஃப். அதை டிக் செய்தால் மூல ஆவணமும் பிடிஎஃப்புக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். பெறுபவர் வழக்கம்போல் படிக்கலாம். லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் திருத்தவும் முடியும். இது இல்லாத பிடிஎஃப்பை லிப்ரே ஆஃபிஸின் வரைகலைச் செயலியான டிராவில் திறந்து திருத்தப் போனால் வரிகள் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், தமிழ் பல நேரம் சிதைந்தும் வரும். திருத்தம் சொல்வதற்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிடிஎஃப்பின் மேலேயே கோடிட்டுக் குறிப்பு எழுதுவதே நல்லது.

குறிப்புகள் பக்கத்தின் கட்டளைகளைத் தொடுவதில்லை. அவை தனிப் பொருள்களாக, பக்கத்தோடு இணைத்த ஒரு பட்டியலில் சேர்கின்றன. மஞ்சள் கோடு என்றால் அது எந்த நாற்கரங்களின் மேல் விழ வேண்டும், என்ன நிறம், யார் எழுதியது என்ற விவரங்கள் மட்டும் பதிவாகும். பழைய கோப்பை அப்படியே விட்டுவிட்டு, கடைசியில் இந்தச் சேர்க்கையை மட்டும் ஒட்டவும் தரம் இடம் தருகிறது. ஆகவே ஒருவர் போட்ட குறிப்பை இன்னொருவர் நீக்கினாலும் மூலப் பக்கம் பத்திரமாக இருக்கும். லிப்ரே ஆஃபிஸின் எழுதும் செயலியான ரைட்டரில் எழுதிய கருத்துகளை ஏற்றுமதிப் பெட்டியில் தேர்வு செய்து பிடிஎஃப் குறிப்புகளாக அனுப்பலாம். வந்த பிடிஎஃப்பில் குறிக்க ஒகுலார் என்ற கட்டற்ற பிடிஎஃப் வாசிப்புச் செயலி போதும்.

இதே காரணத்தால் ஓர் ஆபத்தும் உண்டு. ஆதார் எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்பினால், எண் கட்டத்துக்கு அடியில் அப்படியே கிடக்கும். யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்து நகலெடுத்துவிடலாம். லிப்ரே ஆஃபிஸ் 2019இல் வந்த 6.3 பதிப்பிலிருந்து கருவிகள் பட்டியில் மறைப்புக்கென்றே ஒரு வசதியைத் தருகிறது. அது பக்கத்தைப் படமாக மாற்றிப் புதிய பிடிஎஃப் உருவாக்குவதால் அடியில் எழுத்தே இருக்காது. பக்கத்தில் தேடும் வசதி போய்விடும்தான், ஆனால் மறைக்க நினைத்தது மறைந்திருக்கும். அனுப்புமுன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து ஒட்டிப் பார்த்துவிடுங்கள்.