லிட்டர் மாறாது, அதற்குள் இருக்கும் எரிபொருள் மாறும்

பெட்ரோல் பங்குகளில் அளவு சோதிக்கும் பணியில் இருப்பவர்களிடம் பலரும் கேட்பது, விடியற்காலையில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமா என்பதுதான். கேள்விக்குப் பின்னால் உள்ள அறிவியல் சரியானது. பெட்ரோலின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அதன் கன அளவு 1 சதவீதத்துக்குச் சற்று மேல் பெருகும். டீசல் அதைவிடக் கொஞ்சம் குறைவாகப் பெருகும். எடை மட்டும் அப்படியே இருக்கும். ஆனால் பங்கின் தொட்டி மண்ணுக்கடியில் புதைந்திருப்பதால், மேலே வெயில் எவ்வளவு ஏறி இறங்கினாலும், உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான லிட்டரின் வெப்பநிலை ஒரு பகலுக்குள் பெரிதாக மாறுவதில்லை. இதற்காக அலாரம் வைத்து எழ வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டின் சுமை உண்மையில் விழுவது மொத்தமாக வாங்கும் பங்க் உரிமையாளர் மீதுதான். வெயிலில் வந்த லாரியிலிருந்து இறக்கப்படும் 12,000 லிட்டர் பெட்ரோல், நிலத்தடித் தொட்டியில் 5 டிகிரி குளிர்ந்தாலே ஏறத்தாழ 70 லிட்டர் சுருங்கிவிடும். யாரும் திருடவில்லை, எங்கும் ஒழுகவும் இல்லை, எடையில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆனால் அளவுகோலைத் தொட்டிக்குள் இறக்கிப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

அடர்த்தியைக் கேட்டு அறியும் உரிமை வாடிக்கையாளருக்கு இருப்பதன் பொருள் இங்கேதான் விளங்கும். ஒரு லிட்டரில் எவ்வளவு எடை இருக்கிறது என்பதைச் சொல்வது அடர்த்தி. இந்தியத் தர அளவின்படி பெட்ரோலின் அடர்த்தி, 15 டிகிரியில், கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்கலாம். 35 டிகிரி வெப்பத்தில், அடர்த்தியை அளக்கும் கருவியான ஹைட்ரோமீட்டர் 724 என்று காட்டினால், அதை 15 டிகிரிக்கு மாற்றும்போது சுமார் 742 வரும். இந்த மாற்றத்தைச் செய்யாமல், பங்கில் எழுதியிருக்கும் எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டுவிட்டுக் கலப்படம் என்று சண்டைக்குப் போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அடர்த்தி சரியாக இருந்து அளவில் மட்டும் சந்தேகம் என்றால், முத்திரையிடப்பட்ட 5 லிட்டர் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அதற்கு மறுப்புச் சொல்லக் கூடாது.

சமையல் எரிவாயுவில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. உருளைக்குள் கீழே திரவமும் மேலே ஆவியுமாக இருப்பதாலும், திரவம் தீரும் வரை அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதாலும், எடை போடுவதைத் தவிர மீதத்தை அறிய நம்பகமான வழி வேறில்லை. வீட்டு சிலிண்டரில் இருக்க வேண்டியது 14.2 கிலோ. காலி உருளையின் எடை ஒவ்வொன்றுக்கும் வேறுபடும் என்பதால், அது அந்தந்த உருளையின் மேல்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். கொண்டு வருபவரிடம் தராசு கேட்டு, சீல் உடைக்கும் முன்பே எடை போட்டு, அந்த எண்ணைக் கழித்துப் பாருங்கள்.