குறிக்கோளா, குறிக்கோலா?

தண்டையார்பேட்டையில் அண்ணன் மகளை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போயிருந்தேன். கரும்பலகையில் கொட்டை எழுத்தில் ‘உன் வாழ்க்கையின் குறிக்கோல் என்ன?’ என்று இருந்தது. “சித்தப்பா, அது தப்புதானே?” என்று காதோரம் கேட்டாள். தப்புதான். ஆனால் எழுதியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் ல, ள, ழ மூன்றும் நாக்கில் அடிக்கடி இடம் மாறிக்கொள்ளும். அதோடு, வியாசர்பாடி மைதானத்தில் ‘கோல்’ என்று கத்தி வளர்ந்த பிள்ளைக்குக் குறிக்கோளிலும் அந்தக் கோல்தான் கேட்கும்.

காதுக்குப் பழகிய சொல்லைப் புதுச் சொல்லுக்குள் தேடுவது வடசென்னைக்குப் புதிதில்லை. திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டை இருக்கிறதே, அங்கே யார் காலடியும் கிடையாது. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. காலட்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. குறிக்கோளிலும் அதே கதைதான்: அதில் கம்புக் கோலும் இல்லை, கால்பந்து கோலும் இல்லை.

குறி + கோள். ‘கொள்’ என்ற வினை முதலெழுத்து நீண்டு ‘கோள்’ ஆகிறது. பெறு பேறு ஆவதும், சுடு சூடு ஆவதும் இப்படித்தான். இலக்கண ஆசிரியர்கள் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். மேற்கோள், கோட்பாடு எல்லாம் இதே குடும்பம். ஆக, குறிக்கோள் என்றால் ஒன்றைக் குறியாகக் கொள்ளுதல். அது எங்கோ தூரத்தில் நட்டு வைத்த கம்பம் இல்லை, நாம் செய்கிற ஒரு செயல். எனக்கு இந்தச் சொல்லில் பிடித்ததே இதுதான். ‘குறி’யிலும் ஒரு வினை ஒளிந்திருக்கிறது: குறித்தல். “குறிச்சு வச்சுக்கோ” என்று சொல்கிறோமே, அது.

சொல் புதிதும் இல்லை. ஏழாம் நூற்றாண்டு அப்பர், பிள்ளைப் பருவமும் இளமையும் கழிந்ததைச் சொல்லிவிட்டு, ‘கோலனாய்க் கழிந்த நாளும் குறிக்கோள் இலாது கெட்டேன்’ என்று பாடுகிறார். கோலன் என்றால் முதுமையில் கோல் ஊன்றியவன். கோலும் கோளும் ஒரே அடியில் வேறு வேறாக நிற்கின்றன. டியூஷன் ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது!

ஆங்கிலத்தின் ‘கோல்’ 16ஆம் நூற்றாண்டில் ஓட்டப்பந்தயம் முடியும் இடத்தைக் குறித்தது. ‘டார்கெட்’ இன்னும் வேடிக்கை. அது முதலில் சிறிய வட்டக் கேடயம். அம்பைத் தடுத்த பொருளின் பெயர், பிற்பாடு அம்பு குத்த வேண்டிய பலகைக்குப் போனது. இன்று பைக்கில் சாப்பாடு கொண்டுபோகும் தம்பிகள் “இன்னிக்கு டார்கெட் முடிக்கல அண்ணே” என்கிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை டெலிவரி என்ற அந்த எண்ணுக்கு ‘இலக்கு’ பொருந்தும். ‘இலக்கம் உடம்பிடும்பைக்கு’ என்ற குறளில் (627) உடம்பு துன்பத்துக்கு இலக்கு. தைக்கப்படும் இடம் என்ற பொருள் அங்கே தெளிவாக இருக்கிறது. இலக்கு, லட்சியம் இரண்டையும் வடமொழி ‘லக்ஷ்’ என்ற வேரோடு சேர்ப்பார்கள். இலக்கு தமிழ் வேர்தான் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. லட்சியத்தின் எதிர்ச்சொல்தான் அலட்சியம் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

அப்புறம் ‘பிளான்’. இதற்குத் திட்டம் என்கிறோம். 1951இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பிறகு அதில் அரசாங்க வாசனை ஏறிவிட்டது. ஆனால் வீட்டில் “குழம்புல உப்பு திட்டமா இருக்கு” என்கிறோம். திட்டம் என்றால் சரியான அளவு. ‘நிறைய படிக்கணும்’ என்பது திட்டமே ஆகாது, அதில் அளவு இல்லை.

1981இல் ஜார்ஜ் டோரன் ஒரு நிர்வாக இதழில் எழுதிய, இலக்கு வைப்பதற்கான ‘ஸ்மார்ட்’ முறையும் அளவைத்தான் கேட்டது: தெளிவு, அளவு, பொறுப்பாளர், நடக்கக்கூடியது, கால வரையறை. அது கம்பெனிக்காக எழுதியது என்பதால் ‘யார் செய்வது’ என்ற கேள்வி நடுவில் இருக்கிறது. தனி வாழ்க்கைக்கு வரும்போது அந்த இடத்தில் ‘எட்டக்கூடியது’ என்று மாற்றிக்கொண்டார்கள். 1999இல் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் (பெயரிலேயே கோல்!) இன்னும் கீழே இறங்கிவந்து, எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் வெறும் ஆசையோடு நின்றவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று எழுதினார். மேடைப் பேச்சாளர்கள் சொல்லும் 1953 யேல் பல்கலைக்கழகக் கதையை மட்டும் நம்ப வேண்டாம். குறிக்கோளை எழுதி வைத்த 3 விழுக்காடு மாணவர்கள் மற்ற எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்தார்கள் என்ற அந்த ஆய்வு நடக்கவே இல்லை.

இதெல்லாம் கேரம் ஆடுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. ராயபுரத்துச் சந்துகளில் மஞ்சள் பல்பின் கீழே உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள். ரெட் என்ற சிவப்புக் காயைப் போட்டால் போதாது, ஃபாலோ போட வேண்டும். அதே அடியிலோ அடுத்த அடியிலோ தன் காய் விழாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். ஜனவரி முதல் தேதி டைரி வாங்கி எழுதுகிற நம்மில் பலர் ரெட்டோடு கை தட்டி எழுந்துவிடுகிறோம், நானும்தான்.

அன்று வழியில் அண்ணன் மகளிடம் சொன்னேன்: குறிக்கோள் ஒன்று போதும், இலக்கு எண்ணாக இருக்கட்டும், திட்டத்தில் கிழமையும் நேரமும் வேண்டும். அவள் பிளஸ் ஒன் காமர்ஸ். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினாள். குறிக்கோள்: ஆடிட்டர் ஆவது. இலக்கு: அரையாண்டில் கணக்குப்பதிவியலில் 90. திட்டம்: திங்கள், புதன், வெள்ளி, ராத்திரி எட்டு மணி, சாப்பிட்டதும், மாடியில், இரண்டு கணக்கு.

“மாடியில் கொசு கடிக்கும்” என்றார் அண்ணி. அவள் ‘மாடி’யை அடித்துவிட்டு ‘முன்ரூம்’ என்று திருத்தினாள்.