உறைக்கிணற்றுக்கு ஓர் அடிபம்பு

ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்திலிருந்து தங்கச்சிமடம் வரை, மணலில் உறை இறக்கிய கொல்லைக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் அதிக ஆழம் போகாமலே கிடைத்துவிடுகிறது. இத்தகைய கிணற்றுக்கு மின்மோட்டாரைவிட அடிபம்பே ஏற்றது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அதற்கான காரணம் பாதி பம்புக்குள்ளும் பாதி மண்ணுக்கு அடியிலும் இருக்கிறது.

பம்பு தண்ணீரை உறிஞ்சுவதாகச் சொன்னாலும், தண்ணீரை மேலே ஏற்றுவது வளிமண்டலத்தின் அழுத்தமே. கைப்பிடியை அழுத்தினால் உள்ளே பிஸ்டன் உயர்கிறது. அதன் அடியில் அழுத்தம் குறைவதால், கிணற்று நீர்ப்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் காற்று, நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கைப்பிடியைத் தூக்கும்போது கீழ் வால்வு மூடிக்கொள்ள, பிஸ்டனிலுள்ள வால்வு வழியே நீர் அதன் மேற்புறத்துக்கு வந்து, அடுத்த அழுத்தலில் வாய்வழியே கொட்டுகிறது. கடல்மட்டத்தில் காற்றால் தாங்கக்கூடிய நீர்த்தூண் சுமார் 10.3 மீட்டர்தான். கசிவும் உராய்வும் போக, நடைமுறையில் 7 மீட்டருக்குள், அதாவது 23 அடிக்குள் நீர் இருந்தால்தான் இந்தப் பம்பு ஒழுங்காக வேலை செய்யும்.

9 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 6 மீட்டர் ஆழத்து நீரை ஏற்றும்போது சுமார் 38 கிலோ சுமையைத் தாங்குகிறது. கைப்பிடியின் நெம்புகோல் ஐந்துக்கு ஒன்று என அமைந்தால், கைக்கு எட்டு கிலோவுக்கும் குறைவாகவே தெரியும்.

பொருத்தும்போது மிகுந்த கவனம் இணைப்புகளுக்கே தேவை. குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் நீருக்குப் பதில் காற்றுதான் வரும். உப்புக்காற்று இரும்பை அரித்துவிடும் என்பதால், கிணற்றுக்குள் இறங்கும் குழாய் பிவிசியாக இருப்பது நல்லது. பிஸ்டனைச் சுற்றியுள்ள தோல் வாஷரை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பின்பு பம்பின் தலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி அடித்தால், முதலில் வெறுங்காற்றின் களகளப்பு கேட்கும். சட்டென்று கைப்பிடி கனக்கும். அந்தக் கனம்தான் நீர் ஏறிவிட்டதன் அடையாளம்.

வடகிழக்குப் பருவமழையில் மணலுக்குள் இறங்கிய நல்ல தண்ணீர், அடியிலுள்ள கடல்நீரைவிட லேசானதாகையால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீரின் அடர்த்தி சுமார் இரண்டரை சதவீதம் அதிகம். ஆகவே நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்புநீர் பல மடங்கு உயரத் தொடங்கும் என்பதும் அதே கணக்குதான். மோட்டார் ஒரே மூச்சில் இறைக்கும்போது, குழாய்க்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு போல எழும்புகிறது. அடிபம்போ, ஒருமுறை அடித்தால் முக்கால் லிட்டர் வீதம், இருபது முறை அடித்தால் ஒரு குடத்தை நிரப்புகிறது. அந்த நிதானத்துக்கு ஊற்று ஈடுகொடுக்கிறது.

இதே காரணத்தால், குழாயின் அடியில், ஏறிய நீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் புட் வால்வைக் கிணற்றின் தரைவரை இறக்கக் கூடாது. கோடை நீர்மட்டத்துக்கு இரண்டு, மூன்று அடி கீழே நிறுத்தினால் போதும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் கரிக்கத் தொடங்கினால், அன்று அடிப்பதை நிறுத்தி இரவு முழுவதும் ஊற விட்டு, நீர்மட்டம் இடம் கொடுத்தால் வால்வை ஓர் அடி உயர்த்திப் பார்க்க வேண்டும்.