மெர்ஜர்: இணைந்ததா, மூழ்கியதா?

‘மெர்ஜர்’ என்பதற்குத் தமிழில் என்ன என்று யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் ‘இணைப்பு’ என்பார்கள். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன: வங்கிகள் இணைப்பு, கட்சிகள் இணைப்பு, விமான நிறுவனங்கள் இணைப்பு. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இணை என்றால் ஜோடி. இணைகோடு என்றால் இரண்டு கோடு, இணைபிரியாத நண்பர்கள் என்றால் இரண்டு பேர். மெர்ஜர் முடிந்த பிறகு இரண்டு இருக்காதே, ஒன்றுதானே இருக்கும்? அப்படியானால் மற்றது எங்கே போனது?

பதில் அந்த ஆங்கிலச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. லத்தீனில் ‘மெர்கெரெ’ என்றால் நீரில் முக்குவது, அமிழ்த்துவது. நீர்மூழ்கிக் கப்பலைச் சொல்கிற ‘சப்மெரீன்’ இதே வேர் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, அது கடலைக் குறிக்கும் வேறு சொல். ஆனால் ‘சப்மெர்ஜ்’ (மூழ்கு), ‘எமெர்ஜ்’ (மூழ்கிய இடத்தில் இருந்து வெளியே வா), அதிலிருந்து வந்த ‘எமெர்ஜென்சி’ எல்லாம் இந்தக் குடும்பம்தான். நம் ஏரிகளில் முக்குளிப்பான் என்று ஒரு சின்னப் பறவை தலையைக் கவிழ்த்து முங்குமே, அதுபோல முங்கும் பறவை ஒன்றுக்கு லத்தீனில் ‘மெர்குஸ்’ என்றே பெயர்.

இந்த மூழ்கல் வணிகத்துக்கு வந்தது நேராக அல்ல, சொத்துச் சட்டத்தின் வழியாக. ஒரு வீட்டில் குத்தகைக்கு இருப்பவரே அந்த வீட்டை விலைக்கு வாங்கிவிட்டால் அவருடைய குத்தகை உரிமை என்ன ஆகும்? பெரிய உரிமைக்குள் சின்ன உரிமை முங்கிப்போகும், தனியாக அது இனி கிடையாது. ஆங்கிலேய வழக்கறிஞர்கள் இதைத்தான் மெர்ஜர் என்றார்கள். சொல்லின் கடைசியில் வரும் ‘அர்’ கூட, செய்பவரைக் குறிக்கும் விகுதி இல்லை, நீதிமன்றங்களில் புழங்கிய பழைய பிரெஞ்சு வினைச்சொல்லின் வால். ராத்திரிச் சாப்பாட்டை ‘டின்னர்’ என்கிறோமே, அதற்கும் இதே வால்தான். நிறுவனங்களுக்கு இச்சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஆக, பிறப்பிலேயே இந்தச் சொல் ஒரு சங்கதியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது: ஒன்று பெரியது, ஒன்று சின்னது, சின்னது மூழ்கும்.

பவானி கூடுதுறைக்குப் போயிருப்பீர்கள். பவானி அங்கே காவிரியோடு கலக்கிறது. அதற்குக் கீழே திருச்சியிலோ தஞ்சாவூரிலோ போய் இது என்ன ஆறு என்று கேட்டால் காவிரி என்பார்களே தவிர பவானி என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நீலகிரித் தண்ணீர் அதில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பெயர் மட்டும் கூடுதுறையோடு நின்றுவிட்டது. விமான நிறுவனங்களில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். அதே விமானம், அதே விமானி, அதே பணிப்பெண். பெயர் போய்விடும். ஆற்றுக்கு இல்லாத ஒன்று நிறுவனத்துக்கு உண்டு, தலைமையகம். அதுவும் போய்விடும்.

நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸை எடுத்துக்கொள்வோம். 1926இல் தொடங்கியது, மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் பக்கம் ஈகன் என்ற ஊரில் தலைமையகம். 1990களின் தொடக்கத்தில் அது பணமுடையில் தவித்தபோது அந்த மாநில அரசுத் தரப்பு கடனுதவிக்கு ஏற்பாடு செய்தது, தலைமையகம் இங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2008 ஏப்ரலில் அட்லாண்டாவின் டெல்டாவோடு ‘மெர்ஜர்’ அறிவிப்பு, அக்டோபர் 29இல் எல்லாம் முடிந்தது. 2010 தொடக்கத்துக்குப் பிறகு நார்த்வெஸ்ட் என்ற பெயரில் விமானம் பறக்கவில்லை. அட்லாண்டாவில் இருந்து பார்த்தால் இணைப்பு. ஈகனில் இருந்து பார்த்தால்?

தலைமையகம் போனால் ஒரு கட்டடம் காலியாகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். கட்டடத்தோடு போகிறவை வேறு. பெரிய சம்பள வேலைகள், அந்த நிறுவனத்தை நம்பி இருந்த வழக்கறிஞர்கள், தணிக்கையாளர்கள், விளம்பர ஏஜென்சிகள், ஊர் மியூசியத்துக்கும் இசைக் குழுவுக்கும் வந்துகொண்டிருந்த நன்கொடை. அதைவிட, எந்த ஊருக்கு நேரடி விமானம் விடலாம் என்று முடிவெடுக்கிறவர் இனி உங்கள் ஊர்க்காரர் இல்லை. மினியாபொலிஸுக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்லலாம், தலைமையகம் போனாலும் டெல்டாவின் பெரிய ஹப்பாக இன்னும் இருக்கிறது. நார்த்வெஸ்டின் இன்னொரு ஹப்பான மெம்ஃபிஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2013 செப்டம்பரில் டெல்டா அதை மூடிவிட்டது.

‘ஹப்’ என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அது சக்கரத்தின் நடுப்பாகம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் அதற்குக் குடம் என்று பெயர், அதில் இருந்துதான் ஆரக்கால்கள் கிளம்பும். சின்ன ஊர்ப் பயணிகளை ஆரக்கால் வழியாகக் குடத்துக்குக் கொண்டுவந்து வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புகிற ஏற்பாடு. இரண்டு நிறுவனங்கள் ஒன்றானால் ஒரே வட்டாரத்தில் இரண்டு மூன்று குடங்கள் இருக்கும். ஒரு சக்கரத்துக்கு எத்தனை குடம் வேண்டும்? அட்லாண்டா பக்கத்தில் இருக்கும்போது மெம்ஃபிஸ் எதற்கு, நார்த்வெஸ்டின் டெட்ராய்ட் வந்து சேர்ந்த பிறகு சின்சினாட்டி எதற்கு என்று கணக்குப் போடுவார்கள். கான்டினென்டல், யுனைடெட்டில் மூழ்கிய பிறகு (2010 அக்டோபர் 1) ஹூஸ்டன் தலைமையகத்தை இழந்து ஹப்பை வைத்துக்கொண்டது, க்ளீவ்லாந்து 2014இல் ஹப்பையே இழந்தது.

எனக்கு இதில் மறக்க முடியாதது செயின்ட் லூயிஸ். டி.டபிள்யூ.ஏ. என்ற பழம்பெரும் நிறுவனத்தின் ஊர் அது. ஹப் வளர்கிறது, ஓடுபாதை போதவில்லை என்று புதிய ஓடுபாதை ஒன்றுக்குத் திட்டம் போட்டார்கள், அதற்காகப் பக்கத்தில் பிரிட்ஜ்டன் என்ற ஊரில் வீடுகளைத் தெருத்தெருவாக வாங்கி இடித்தார்கள். இதற்கிடையில் 2001இல் டி.டபிள்யூ.ஏ. திவாலாகி, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதை வாங்கியது. 2003 நவம்பரில் அமெரிக்கன் செயின்ட் லூயிஸ் விமானங்களைப் பாதிக்கு மேல் வெட்டியது. 2006இல் ஓடுபாதை திறந்தது, செலவு 100 கோடி டாலருக்கு மேல். பந்தல் போட்டு, விருந்து சமைத்து, வாழைமரமும் கட்டி முடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேறு ஊருக்குப் போய்விட்ட கதை.

சரி, போட்டி என்ன ஆகிறது? அமெரிக்காவில் 1914இன் கிளேட்டன் சட்டம், போட்டியைக் கணிசமாகக் குறைக்கக்கூடிய மெர்ஜரைத் தடுக்கலாம் என்கிறது. 2013 ஆகஸ்டில் அமெரிக்கன், யு.எஸ். ஏர்வேஸ் மெர்ஜரை எதிர்த்து அமெரிக்க அரசின் நீதித்துறை வழக்குப் போட்டது. நவம்பரிலேயே சமரசம். வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் 52 ஜோடி ஸ்லாட்டுகளையும் நியூயார்க் லாகார்டியாவில் 17 ஜோடியையும் விட்டுக்கொடுத்தார்கள், டிசம்பர் 9இல் மெர்ஜர் முடிந்தது. ஸ்லாட் என்றால் நெரிசல் நிலையங்களில் இறங்கவும் ஏறவும் ஒதுக்கப்படும் நேரம், போட்டியாளருக்கு அதைக் கொடுத்தால் கட்டணம் ஏறாது என்பது எதிர்பார்ப்பு. யுனைடெட், கான்டினென்டல் விஷயத்திலும் நெவார்க்கில் 18 ஜோடி ஸ்லாட்டுகளை சவுத்வெஸ்டுக்குக் கொடுத்தார்கள். சவுத்வெஸ்ட் 2019 நவம்பரில் நெவார்க்கை விட்டே போய்விட்டது! எல்லா மெர்ஜரும் முடிந்து பார்த்தால் உள்நாட்டுச் சந்தையில் ஐந்தில் நான்கு பங்கு நான்கே நிறுவனங்களிடம். 2024 ஜனவரியில்தான் ஒரு நீதிபதி கண்டிப்பாக நின்று, ஜெட்ப்ளூ ஸ்பிரிட்டை வாங்குவதைத் தடுத்தார். அந்த ஸ்பிரிட் அதே ஆண்டு நவம்பரில் திவால் மனு கொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதில் ஒரு முரண் உண்டு. ஹப் ஊர்களில் ஒரே நிறுவனம் கோலோச்சுவதால் கட்டணம் உச்சத்தில் இருக்கும். சின்சினாட்டி ஹப்பாக இருந்த காலத்தில் நாட்டிலேயே விலை அதிகமான நிலையங்களில் ஒன்று. டெல்டா சுருங்கியதும் மலிவுக் கட்டண நிறுவனங்கள் உள்ளே வந்தன, கட்டணம் இறங்கியது. நேரடி விமானங்கள் போயின, டிக்கெட் விலையும் போயிற்று. ஊர்க்காரர் அழுவதா சிரிப்பதா?

அப்புறம் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘இணைப்பு’க்கு விமானத் துறையில் வேறொரு தொந்தரவும் இருக்கிறது. இறங்கி மாறி ஏறும் விமானமும் இணைப்பு விமானம்தான். நான் ஒருமுறை ‘டெல்டா - நார்த்வெஸ்ட் இணைப்பு’ என்று எழுதியதைப் படித்த நண்பர், எங்கே இறங்கி மாற வேண்டும் என்று கேட்டார். ‘சங்கமம்’ விழா மேடைக்குச் சரி. ‘கலப்பு’ என்றால் கலப்படம் நினைவுக்கு வரும். ‘கையகப்படுத்தல்’ வேறு சங்கதி, ஒன்று மற்றதை வாங்குவது, வாங்கிய பிறகு தனியாகவே நடத்தவும் செய்யலாம். ‘ஒருங்கிணைப்பு’ என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன், அது மெர்ஜருக்குப் பிறகு வரும் வேலை. அமெரிக்கா வெஸ்டும் யு.எஸ். ஏர்வேஸும் 2005இல் இணைந்தன, ஆனால் இரு பக்க விமானிகளின் பணிமூப்புச் சண்டை தீராமல் 2013இல் அடுத்த மெர்ஜரே வந்துவிட்டது. இணைப்பு நடந்தது, ஒருங்கிணைப்பு நடக்கவில்லை. மூலத்துக்கு உண்மையாக ‘அமிழ்வு’ என்று போடலாம் என்று ஆசைதான், கப்பல் செய்தி என்று நினைத்துவிடுவார்கள்.

அதனால் என் கட்சி இது: பெயர்ச்சொல் ‘இணைப்பு’ என்றே இருக்கட்டும், வேலையை வேற்றுமை உருபிடம் விடுவோம். ‘அ-வும் ஆ-வும் இணைந்தன’ என்றால் சரிசமம். ‘அ, ஆ-வில் இணைந்தது’ என்றால் அ மூழ்கியது. இடையில் ‘ஆ-வுடன் இணைந்தது’ என்று எழுதுகிறோமே, அது சமம் மாதிரி தோன்றும், ஆனால் தொல்காப்பியம் அப்போதே பிடித்துவிட்டது. ஒடு உருபு உயர்ந்தவரைச் சார்ந்து வரும் என்கிறது அது. அரசனொடு இளையர் வந்தார் என்போம், இளையரொடு அரசன் வந்தான் என்பதில்லை. ‘விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தது’ (2024 நவம்பர் 12) என்று எழுதியவர்கள் அறியாமலேயே யார் அரசன் என்று சொல்லிவிட்டார்கள்.

சிக்கலான உதாரணங்களும் உண்டு. 2005இல் வாங்கிய பக்கம் அமெரிக்கா வெஸ்ட், நிலைத்த பெயர் யு.எஸ். ஏர்வேஸ், நிலைத்த தலைமையகம் அமெரிக்கா வெஸ்டின் அரிசோனா ஊரான டெம்பி. நம் நாட்டில் 2007இல் ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் இணைப்பும் அப்படி. பெயர் ஏர் இந்தியா. ஆனால் 2013இல் தலைமையகம் மும்பை நாரிமன் பாயின்டில் இருந்து இந்தியன் ஏர்லைன்ஸின் ஊரான டெல்லிக்குப் போனது. அந்தக் கடலோரக் கட்டடத்தை மகாராஷ்டிர அரசுக்கு 1,601 கோடி ரூபாய்க்கு விற்க 2024இல் ஒப்புதல் கிடைத்தது. எது எதில் மூழ்கியது? பெயரைக் கேட்டால் ஒரு பதில், ஊரைக் கேட்டால் வேறு பதில். இந்த மாதிரி இடத்தில் ‘இரண்டும் இணைந்தன’ என்றுதான் எழுதுவேன்.

ஹவாயியன் ஏர்லைன்ஸை 2024 செப்டம்பரில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் வாங்கியபோது இரண்டு பெயரும் தொடரும் என்றார்கள். ஹவாயியன் விமானங்களின் வால் பகுதியில் பூச்சூடிய பெண் முகம் இன்னும் பறக்கிறது. தலைமையகம் மட்டும் ஹொனலூலுவில் இல்லை, சியாட்டிலில். ‘ஹவாயியன், அலாஸ்காவில் இணைந்தது.’