எந்தக் கதவைத் தட்டுவது? பக்கவாதம் முதல் குடி மீட்பு வரை, தமிழ்நாட்டில் எது எங்கே கிடைக்கும்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஏழு வயதுப் பையனுக்கு மூளை முடக்குவாதம். இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான். கணவர் தினமும் குடிக்கிறார். மூன்று பேரையும் பார்த்துக்கொள்வது ஒரே பெண். அவர் "கவர்மென்டில் ஏதாவது உதவி கிடைக்குமா?" என்று கேட்டால் பக்கத்து வீட்டில் ஒரு பதில், இ-சேவை மையத்தில் ஒரு பதில், வாட்ஸ்அப்பில் ஒன்பது பதில் வரும். எல்லாமே அரைகுறை.

கிடைக்கும், நிறையவே இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. மாமியாரின் பிசியோதெரபி சுகாதாரத் துறையில். பையனின் அட்டையும் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில். அவன் படிப்பு பள்ளிக்கல்வித் துறையில். கணவரின் சிகிச்சை மறுபடியும் சுகாதாரத் துறைதான், ஆனால் வேறு டாக்டர், வேறு கட்டடம். வீட்டில் அடி விழுந்தால் சமூக நலத் துறை. ஒரு துறைக்காரருக்கு அடுத்த துறையில் என்ன இருக்கிறது என்பது பல சமயம் தெரியாது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அதனால் திட்டத்தின் பெயரைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, இந்த மாதம் வீட்டில் எது நடந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று பார்த்து அந்த வாசலுக்கு முதலில் போவது நல்லது.

மாமியார் விஷயம் இருப்பதிலேயே சுலபம். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருவது எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் பிசியோதெரபியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வரும் என்பது பலருக்குத் தெரியாது. கேட்டால்தான் பெயர் எழுதுவார்கள். உங்கள் பகுதிக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள். யாரென்று தெரியாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். இன்னொன்று: மாற்றுத்திறனாளி அட்டை பிறவியிலேயே குறை உள்ளவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகும் கை, கால் வராமல் போன பெரியவர்களும் விண்ணப்பிக்கலாம். வயது ஒரு தடையே இல்லை.

அட்டையும் அந்த 'பர்சன்டேஜும்'

இப்போது பையன். இவனுக்குத்தான் அலைச்சல் அதிகம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதற்கு முன் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன, இப்போது 21. ஆட்டிசம், தசைச்சிதைவு, தலசீமியா, பார்கின்சன், கற்றல் குறைபாடு எல்லாம் பட்டியலில் உண்டு. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் "இதுக்கெல்லாம் சர்டிபிகேட் கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஒருமுறை மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும்.

2021 ஜூன் 1 முதல் சான்றிதழ் யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளம் வழியாக மட்டுமே. ஆதார், புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை வைத்து பதிவு செய்ய வேண்டும். இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். அப்புறம் அரசு மருத்துவமனையில் அல்லது முகாமில் மருத்துவர்கள் பார்த்து சதவீதம் போடுவார்கள். 2024-இல் திருத்திய விதிப்படி இதற்கு மூன்று மாதம் வரை ஆகலாம். அட்டையில் மூன்று நிறம் உண்டு: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். எந்த ஊரில் வாங்கினாலும் நாடு முழுக்கச் செல்லும். பழைய அடையாள அட்டைப் புத்தகம் மட்டும் வைத்திருப்பவர்களும் யுடிஐடிக்குப் பதிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சதவீதம்தான் பிறகு எல்லாவற்றையும் முடிவு செய்யும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும். 'கடும் பாதிப்பு' என்ற பிரிவில் மாத உதவித்தொகை கேட்க 75 வேண்டும். இங்கேதான் பெற்றோர் தெரியாமல் ஒரு தப்பு செய்கிறார்கள். உறவினர் வீட்டுப் பையன் ஒருவனோடு நானும் ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். காலையில் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, "டாக்டர் முன்னாடி நல்லா நடந்து காட்டணும் கண்ணா" என்று சொல்லித்தான் அவன் அம்மா கூட்டி வந்தார். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு அடி நடந்தான். டாக்டர் அந்த ஆறு அடியைத்தான் பார்த்தார். வீட்டில் அவனுக்குச் சோறு ஊட்ட வேண்டும், கழுவிவிட வேண்டும், ராத்திரி இரண்டு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதை யாரும் கேட்கவில்லை, அவன் அம்மாவும் சொல்லவில்லை. பழைய ஸ்கேனும் வீட்டிலேயே பீரோவில் இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு வந்த சதவீதத்தைப் பார்த்துவிட்டு வரும் வழியெல்லாம் அவர் பேசவே இல்லை.

ஆகவே, வழக்கமான ஒரு நாளில் குழந்தையால் எது முடியாது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மிகைப்படுத்த வேண்டாம், உள்ளதைச் சொன்னாலே போதும். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாள், ஸ்கேன், தெரபிஸ்ட் எழுதிக்கொடுத்தது எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும், அதன் ஜெராக்ஸ் இன்னொரு பையில். முடிவு சரியில்லை என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடம் தருகிறது.

அடுத்த குழப்பம்: அட்டை வந்ததும் பணம் தானாக வரும் என்ற நினைப்பு. வராது. அதற்குத் தனியாக மனு கொடுக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, தண்டுவடக் காயம், பார்கின்சன் போன்ற பிரிவினருக்கான பராமரிப்பு உதவித்தொகையை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தருகிறது. 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். இதில் அடங்காத பெரியவர்கள் வருவாய்த் துறையின் ஓய்வூதியத்துக்குத் தாசில்தார் அலுவலகம் போக வேண்டும். அது அதே தேதியிலிருந்து 1,500 ஆனது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. நல அலுவலகம் பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கும். போவதற்கு முன் 1800 425 0111 என்ற கட்டணமில்லா எண்ணில் என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனால் ஒரு நடை மிச்சம்.

இதற்கிடையில் ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். "அட்டை வரட்டும், அப்புறம் தெரபி பார்த்துக்கலாம்" என்று இரண்டு வருடம் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தெரபிக்கு அட்டை தேவையில்லை. 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்காக மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையில் இடையீட்டு சேவை மையம் இருக்கிறது. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். உலக வங்கி உதவியுடன் நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் திறந்துவருகிறார்கள். படிப்புக்குப் பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தைக் கேளுங்கள். அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் ஏற்பாடும் உண்டு.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு தனியாக இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது. வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை, தெரபிச் செலவுக்கும் பணம் தருவார்கள். அந்த அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாகச் சேரலாம். பெரிய அறுவை சிகிச்சை என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கவே இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை.

கணவர்

பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ஒரு போஸ்டர் பார்த்திருப்பீர்கள்: 'குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்'. சாப்பாட்டிலோ காபியிலோ கலந்து கொடுக்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் போன்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பாதித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மாத்திரை சிகிச்சையில் உண்டுதான். ஆனால் நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில்.

அதே அளவு ஆபத்தான இன்னொன்று, வருடக் கணக்கில் தினமும் குடிப்பவர் "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று வீட்டிலேயே திடீரென நிறுத்துவது. இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, பிதற்றல் என்று போகலாம். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்களும் உண்டு. அவரைக் கொண்டுபோக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவில் குடி மீட்பு சிகிச்சை கிடைக்கும். வெளிநோயாளி சீட்டு வாங்கும்போதே "மனநலம், குடிப் பிரச்சினை" என்று சொல்லுங்கள். இல்லையென்றால் பொது மருத்துவ வரிசையில் நின்று ஒரு சத்து ஊசியோடு திரும்புவீர்கள். போவதா வேண்டாமா என்று யோசிக்கும் நிலையில் இருந்தால் 14446-ஐ அழைக்கலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் அது. குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, மனைவியும் பேசலாம்.

தனியார் மறுவாழ்வு இல்லம் என்றால் ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: மனநல சிகிச்சைச் சட்டம் 2017-இன் கீழ் பதிவு செய்திருக்கிறீர்களா, சான்றைக் காட்டுங்கள். குடி, போதை இல்லங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 95-ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடுக்கிறது. இப்படியொரு வரி சட்டத்தில் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி ஞாபகம் வர வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தீப்பிடித்த கொட்டகையில், சங்கிலியோடு கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பி ஓட முடியாமல் செத்தார்கள். "ஒரு மாசம் வந்து பார்க்கக் கூடாது, போனும் பேசக் கூடாது, வண்டி அனுப்பித் தூக்கிக்கிறோம்" என்று சொல்லும் இடத்தில் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

திரும்பக் குடித்துவிட்டால் சிகிச்சை வீண் என்று அர்த்தமில்லை. பலருக்கு இரண்டு மூன்று முறை வழுக்கும். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் இலவசம், குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் தனியாக நடக்கின்றன. அங்கே போனால் யாரும் பெயர், ஊர் கேட்க மாட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு

இவ்வளவுக்கும் நடுவில் அவருக்குத் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எப்போதும், தமிழிலேயே பேசலாம். அடி, மிரட்டல் இருந்தால் பெண்கள் உதவி எண் 181. பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்க இடம், மருத்துவ உதவி, போலீஸ், வக்கீல் எல்லாம் ஒரே கூரைக்குள் கிடைக்கும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

மனு எங்கே கொடுத்தாலும் நகலில் தேதியும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் இல்லாத மனு கொடுக்காத மனு மாதிரிதான். நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டம், 1100-இல் 'முதல்வரின் முகவரி' என்ற புகார் பிரிவு, அதற்கும் மசியாவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு: "இன்ன தேதியில் கொடுத்த என் மனு இப்போது எந்த மேஜையில் இருக்கிறது?" 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வி போனதுமே பல கோப்புகளுக்குக் கால் முளைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பையனுக்கு 18 ஆகும்போது வங்கியில் ஒரு நாள் கேட்பார்கள்: "இவருக்கு கார்டியன் யார்?" சட்டப்படி அவன் மேஜர், அம்மா என்பதால் மட்டும் அவர் கையெழுத்து செல்லாது. இதற்காகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. நிராமயாவில் சொன்ன அதே நான்கு குறைபாடுகளுக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கும். அந்த விண்ணப்பத்துக்கும் முதலில் கேட்பது இன்று அந்தப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்கும் அதே சான்றிதழைத்தான்.