மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம்: கணக்கு ஆறாம் வகுப்பிலேயே தொடங்குகிறது

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வேலூர்ப் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "பொண்ணு நல்ல மார்க் எடுத்திருக்கா, டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்றா, பிரைவேட் ஸ்கூல்ல போட்டுடலாம்." கடனை உடனை வாங்கி, நீட் பயிற்சியும் சேர்த்துத் தரும் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்துவிடுகிறார்கள். மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு; ஆறிலிருந்து பத்து வரை அரசுப் பள்ளியில் படித்துச் சேர்த்த அந்த உரிமை அந்த ஒரு கையெழுத்தில் போய்விடும். இதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்த உரிமை 2020-இல் வந்த சட்டம். நீதிபதி கலையரசன் ஆணையம் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பத்து சதவீதம் ஒதுக்கலாம் என்றது, அரசு 7.5 சதவீதம் என்று முடிவு செய்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இந்தச் சட்டம் செல்லும் என்றது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி எல்லாவற்றுக்கும் இது உண்டு. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலும் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட இடங்கள் இந்த வழியில் கிடைத்தன.

நிபந்தனை ஒன்றுதான், ஆனால் இறுக்கமானது. ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வகுப்பும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலப் பள்ளிகளும் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. நம் ஊரில் பழைய மிஷன் பள்ளிகள் நிறைய இருப்பதால் இந்தக் குழப்பம் அதிகம்: சம்பளத்தை அரசு கொடுக்கிறது, புத்தகத்தை அரசு கொடுக்கிறது, அப்போது அது அரசுப் பள்ளிதானே என்று நினைக்கிறார்கள். இந்தச் சட்டத்தின் கண்ணில் அது அரசுப் பள்ளி இல்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் தகுதி உண்டு. குடும்ப வருமானத்துக்கு இதில் வரம்பு கிடையாது.

சரி, எத்தனை இடம்? வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 இடம். 15 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். டெல்லியிலிருந்து நடக்கும் அந்தக் கலந்தாய்வில் 7.5 சதவீதம் கிடையாது. மீதி 85-இல் 7.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஆறு. ஆறுதானா என்று சோர்ந்துவிட வேண்டாம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றிலும், சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் இதே கணக்கு உண்டு. திருவண்ணாமலையோ திருநெல்வேலியோ, எங்கே கிடைத்தாலும் போகலாம். சுயநிதிக் கல்லூரியில் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2020 நவம்பரில் அந்த அறிவிப்பு வருவதற்குள், பணம் கட்ட முடியாமல் கையில் வந்த இடத்தை விட்டுவிட்ட பிள்ளைகளும் உண்டு. இனி யாரும் கட்டணத்துக்குப் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை.

நீட் தேர்ச்சி கட்டாயம். இந்த ஒதுக்கீடு அதற்கு விலக்கு தரவில்லை. ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்தான், அதுவும் அவரவர் சாதிப் பிரிவுக்குள். அதனால் இடம் கிடைக்கும் மதிப்பெண் பொதுப் பட்டியலைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். முதல் முறை கிடைக்காமல் மறு ஆண்டு எழுதினாலும் உரிமை போகாது. வெளியே கோச்சிங் போவதற்கும் தடையில்லை. பள்ளிதான் அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும்.

தேர்வில் 180 கேள்வி, மூன்று மணி நேரம், 720 மதிப்பெண். உயிரியலில் மட்டும் 90, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 45. சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழியும். பாதி மதிப்பெண் உயிரியலில் இருக்கிறது என்றால் ஒரு பிள்ளை எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. நான் அதிகம் கவலைப்படுவது பதினொன்றாம் வகுப்பைப் பற்றி. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. நீட் பாடத்திட்டத்தில் அந்த ஆண்டின் பாடம் ஏறக்குறைய சரிபாதி. அதைத் தள்ளிவிட்டு, பிளஸ் டூ முடிந்ததும் ஒரு மாதப் பயிற்சியில் பிடித்துவிடலாம் என்பது நடக்காத காரியம். வினாத்தாளைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம், கூடவே ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே முடிவானது. ஆகவே தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பழகிக்கொள்வது நல்லது.

காகித வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண் எட்டு வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலும், பத்து வரை பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியிலும், அப்புறம் குடியாத்தத்தில் மேல்நிலைப் பள்ளியிலும் படித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்பு, எந்த ஆண்டு, எந்தப் பள்ளி என்று ஏழு வகுப்புக்கும் சான்று காட்ட வேண்டும். மூன்று பள்ளி, மூன்று தலைமையாசிரியர். கலந்தாய்வு நேரத்தில் ஓடுவதைவிட, பிளஸ் டூ படிக்கும்போதே பழைய பள்ளிகளில் சான்று கேட்டு வைப்பது மேல். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் இனிஷியல் வேறு வேறாக இருந்தால் நீட் விண்ணப்பத்துக்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

நீட் எழுதினால் மட்டும் போதாது. ரிசல்ட்டுக்குப் பிறகு, கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவத் தேர்வுக் குழு அறிவிப்பு வெளியிடும். அதற்குத் தனியாக ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், அதில் 7.5 சதவீதப் பிரிவையும் குறிக்க வேண்டும். சித்தா, ஆயுர்வேதம் போன்ற படிப்புகளுக்கான விண்ணப்பம் வேறு. நீட் கைகொடுக்காவிட்டாலும் இதே 7.5 சதவீதம் 2021 முதல் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பொறியியல், சட்டம் ஆகியவற்றிலும் இருக்கிறது. கால்நடை மருத்துவத்துக்கு மாநில இடங்களை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறார்கள். அந்த விண்ணப்பத்தையும் நீட் முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் போட்டு வையுங்கள்.